தலையணைப் பஞ்சு

பஞ்சு தேடப் போன சவரிமுத்து இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை. டாக்டர் மங்கையர்க்கரசி சாப்பாட்டு மேசையில் போனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து நிறுத்திவிட்டு அதன் கறுத்த முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, முழு ஊரடங்கு, திண்டுக்கல்லே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறது. ஒரு துணுக்குப் பஞ்சுக்கு இவ்வளவு நேரமா என்று எரிச்சல் வந்தது. அந்த மனிதர் என்ன பஞ்சு மில்லா நடத்துகிறார், குட்டியானை ஓட்டிப் பிழைக்கிறவர், அந்த வண்டியும் ஊரடங்கு வந்ததிலிருந்து தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது, அவர்மேல் போய் எரிந்து விழுகிறாயே என்று அடுத்த கணமே எரிச்சல் தன்மேல் திரும்பியது. சற்றுமுன் அவர் வீடியோ காலில் செய்து காட்டிய சோதனை செல்லாது. செல்லாது என்று இவளுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது, நூற்றுக்கு நூறு வாங்கின பையன் மாதிரி அல்லவா சிரித்தார். அவர் மனைவி லூர்து மேரியின் இடது முன்கையில் வெளிறிப்போன ஒரு வட்டம், ஓர் அப்பளப்பூ அளவுக்கு. அந்த வட்டத்தில் தொட்டால் அவளுக்குத் தெரிகிறதா தெரியவில்லையா, அவ்வளவுதான் கேள்வி. தெரிந்தால் ஏதோ தோல் சமாசாரம், களிம்பை மாற்றிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். தெரியாவிட்டால் தொழுநோய். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, வட்டத்துக்குள்ளும் வெளியிலும் மாற்றி மாற்றித் தொடுங்கள் என்றுதான் அவரிடம் சொன்னாள். அவர் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, "தெரியுதா மேரி?" என்றார். "தெரியுதுங்க." "இப்ப?" "தெரியுதுங்க." "இங்க?" "ம், தெரியுது தெரியுது." கேள்விக்குப் பதில் வந்துகொண்டே இருந்தது, அந்த அம்மாள் புருஷன் குரலுக்குப் பதில் சொல்கிறாளா, விரலுக்குப் பதில் சொல்கிறாளா என்பதுதான் தெரியவில்லை. "எல்லா எடத்துலயும் தெரியுதாம் டாக்டரம்மா" என்று சவரிமுத்து திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு சிரித்தபோது, "அய்யா, வாயைத் திறக்காமத் தொடணும். நீங்க கேட்டா அவங்க தெரியுதுன்னுதான் சொல்வாங்க. பஞ்சை நூலாத் திரிச்சு, நுனியால மட்டும், சத்தமில்லாம. எங்க தொட்டீங்கன்னு அவங்க வலது கை விரலால காட்டணும்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. "பஞ்சா? வீட்ல பஞ்சு ஏது. செத்த இருங்க டாக்டரம்மா, தலகாணியக் கிழிக்கிறேன்" என்றவரோடு போன் அறுந்துவிட்டது, இவள் மறுபடி போட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறாராம். சிறுமலை அடிவாரத்து ஊர், காற்று திரும்பினால்தான் சிக்னல் வரும் என்று மேரி சொல்லியிருந்தாள்.

பெண்டாட்டியைச் சோதிக்கப் புருஷனை விட்டிருக்கவே கூடாது. வேறு யாரை விடுவது. மார்ச் மாதம் கிளினிக்கை மூடியதிலிருந்து ஊரார் வீட்டு மனிதர்கள்தானே இவளுடைய கண்ணும் கையுமாக ஆகிவிட்டார்கள். மாமியாருடைய முதுகை மருமகள் படம் எடுத்து அனுப்புகிறாள், குழந்தையின் தலைப்பொடுகை அப்பன் எடுக்கிறான், ஒருவர் தன் பிட்டத்துப் படர்தாமரையைத் தானே எடுக்க முயன்று கட்டில் காலையும் காலண்டரையும் எடுத்து அனுப்பியிருந்தார், கீழே "அவசரம்" என்று வேறு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் ஊரில் எல்லாருக்கும் காமாலை. கை நடுங்கி எடுத்ததில் எல்லாருக்கும் அம்மை. சானிடைசர் போட்டுப் போட்டு வெடித்த கைகள், முகக்கவசத்துக்கு அடியில் கொத்துக் கொத்தாய்ப் பருக்கள், கொரோனா வார்டு நர்ஸ் ஒருத்தி மூக்குத்தண்டில் கண்ணாடி அழுத்திப் புண்ணாகி அழாத குறையாக அனுப்பிய படம், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கின ஏதோ களிம்பைத் தடவித் தொடையெல்லாம் வரிவரியாய்க் கிழிந்துபோன காலேஜ் பையன். ஆரம்பத்தில் பிடித்திருந்தது என்றுகூடச் சொல்லலாம். ஆஸ்பத்திரி வாசனை இல்லை, நாற்காலி தள்ளும் சத்தம் இல்லை, ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தால் போதும், கொடைக்கானல் மலைக்கிராமத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வந்தவர்கள்கூட இப்போது வாரம் ஒரு படம் அனுப்பிக் குணமானார்கள். அதை இல்லை என்று சொன்னால் வாய் அழுகிப்போகும். நிறையப் பேருக்கு நன்மைதான் நடந்தது. அப்படித்தான் லூர்து மேரியும் வந்தாள், யாரோ நம்பர் கொடுத்து. மாவு படிந்த மேசைமேல் இடது கையைக் கிடத்தி, அக்காள் மகளின் போனில் எடுத்த படம். வெளிறிய வட்டம், ஓரம் மங்கல், வழவழவென்று இருந்தது. விரலால் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தேமல் மாதிரி இருக்கிறது என்று தோன்றியது. "அரிக்குதாம்மா?" "இல்லைங்க டாக்டரம்மா." "எவ்வளவு நாளா?" "தெரியலைங்க, பொங்கலுக்கு வளையல் போடுறப்பத்தான் பாத்தேன்." தேமல்தான், பயப்பட ஒன்றுமில்லை, இந்தக் கிரீமை ராத்திரி தடவுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போனாள். தேமல் பெரும்பாலும் மார்பில் வரும், முதுகில் வரும், கழுத்தில் வரும். முன்கையில் தனியாக ஒரே ஒரு வட்டம், அதற்கு என்ன அங்கே வேலை என்று கேட்கத் தோன்றியதா. தோன்றியது. நன்றாக நினைவிருக்கிறது, தோன்றியது, அந்த நேரம் பார்த்து அடுத்த படம் வந்து விழுந்தது. கிளினிக்கில் என்றால் ஒரு கேள்வி தோன்றினால் அது ஆள் எழுந்து போகும்வரை எதிரில் உட்கார்ந்திருக்கும், இங்கே விரலைத் தள்ளினால் போய்விடுகிறது.

அந்த வழவழப்பு பொய் என்பது நேற்றுத்தான் தெரிந்தது. கிரீம் தடவியும் அப்படியே இருக்கிறது என்று மேரி இன்னொரு படம் அனுப்பினாள், இந்தத் தடவை சவரிமுத்துவின் பழைய போனில், அதில் அழகுபடுத்துகிற சமாசாரம் எதுவும் கிடையாது. அக்காள் மகள் போன் முகத்தைப் பளபளவென்று காட்டுவதற்காகவே வாங்கினதாம், முகமென்ன கையென்ன, தோல் என்று கண்டதையெல்லாம் அது தேய்த்து மெழுகி வைத்துவிடுகிறது. பழைய போனின் படத்தில் வட்டம் வறண்டு கிடந்தது, சுற்றிலும் பூனைமுடி இருக்க, வட்டத்துக்குள் மட்டும் முடி இல்லை. படத்தை முழுசாக விட்டுப் பார்த்தாள். சுண்டுவிரலின் பக்கவாட்டில் ஒரு கொப்புளம், உடைந்து, காய்ந்து, கரி படிந்து. அதன் பக்கத்தில் ஆறிப்போன இன்னொன்று. பழைய படத்துக்கு ஓடினாள். அதிலும் இருந்தது அந்த விரல். போன் மெழுகிவிட்டிருந்தாலும் மங்கலாக ஒரு கறுப்பு அங்கே இருக்கத்தான் செய்தது. இவள்தான் வட்டத்தைப் பெரிதாக்குகிறேன் என்று விரலைத் திரைக்கு வெளியே தள்ளியிருந்தாள். உடனே போன் போட்டு, "விரல்ல என்னம்மா காயம்?" என்று கேட்டதற்கு மேரி சிரித்தாள். "பணியாரக் கல்லுல பட்டிருக்கும்மா. எப்பப் பட்டுச்சுன்னே தெரியல." எப்பப் பட்டுச்சுன்னே தெரியல. நேற்று ராத்திரியிலிருந்து இந்த வாக்கியம்தான். பல் விளக்கும்போது வந்தது, இட்லி ஊற்றும்போது வந்தது. அந்த அம்மாள் வீட்டு வாசலில் பணியாரக் கடை போட்டிருக்கிறாள், விடிந்ததிலிருந்து குழிக்கல்லோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஒரு சூடு பட்டது நினைவிருக்குமா. சமையல் பழகின கை மரத்துத்தான் போகும். இவளே துணி பிடிக்காமல் பால் பாத்திரத்தை இறக்குகிறவள்தானே. ஆனால் இறக்கும்போது ஸ் என்கிறாள். கொப்புளம் வருகிற அளவுக்குச் சுட்டால் யாரும் ஸ் என்பார்கள், கையை உதறுவார்கள், தண்ணீரில் முக்குவார்கள், கல்லைத் திட்டுவார்கள். மாவு வார்க்கிற வேகத்தில் விட்டிருப்பாள். ஒரு தடவை விடலாம். பக்கத்தில் ஆறின தழும்பு இருக்கிறதே. சரி, இரண்டு தடவை விட்டிருப்பாள். முழங்கைக்கு உட்புறம் எலும்போடு ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது, இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்குமே, அதுதான், சுண்டுவிரலுக்குப் போகிறது. இந்த நோயில் அது வீங்கிக் கயிறாகத் தடிக்கும். அதைத் தடவிப் பார்க்கச் சவரிமுத்துவுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா. சோதிக்கத் தெரியாமலே நூற்றுக்கு நூறு வாங்கினவர், நரம்பைப் பிடி என்றால் எலும்பைப் பிடித்து, இருக்கு டாக்டரம்மா, நல்லா கயிறாட்டம் இருக்கு என்பார். மாத்திரை இருக்கிறது, அரசாங்கமே சும்மா கொடுக்கிறது, ஆரம்பித்துவிட்டால் மற்றவர்களுக்குத் தொற்றுகிற பேச்சே இல்லை. ஆனால் நரம்பு காத்திருக்காது. ரொம்ப நாள் விட்டால் சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் மடங்கிக்கொள்ளும், பிறகு எந்த மாத்திரையும் நீட்டாது. தேமல் கிரீம் என்று இவள் அந்த நாட்களைத்தான் தின்றிருக்கிறாள்.

கிளினிக்காக இருந்தால் மேரி ஜன்னலோரத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். ட்யூப்லைட்டை நம்பாமல் எல்லாரையும் அங்கேதான் உட்கார வைப்பது, பகல் வெளிச்சத்தில் தோல் பொய் சொல்லாது. கையை இவள் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டிருப்பாள். புறங்கையால் ஒரு தடவு தடவினால் வறட்சி தெரிந்துவிடும், வியர்க்கிற இடம் எது வியர்க்காத இடம் எது என்று தெரிந்துவிடும், அதற்குக் கண்ணே வேண்டாம். வெளிறின வட்டம் எதைப் பார்த்தாலும், அது எவ்வளவு நிச்சயமாகத் தேமலாக இருந்தாலும், பஞ்சால் ஒருமுறை தொட்டுவிடுவது இவளுடைய வழக்கம், யோசித்துச் செய்கிறதில்லை, வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி கை தானாகச் செய்துவிடும். சோதிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்தால் ஜனங்கள் பரீட்சைக்கு உட்கார்ந்துவிடுகிறார்கள். அதனால் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்வாள், கண்ணை மூடிக்கங்க, உங்க வீட்ல ரசத்துக்கு மொளகு தட்டிப் போடுவீங்களா அரைச்சுப் போடுவீங்களா, எங்க தொடறேன்னு காட்டுங்க, ஓ, தட்டித்தான் போடுவீங்களா. மேரியிடம் பணியாரம் கேட்டிருப்பாள். மாவில் வெந்தயம் எவ்வளவு, வெங்காயத்தை வதக்கிப் போடுவதா பச்சையாகவா. அந்தப் பேச்சுக்கு நடுவில் விரல் காட்டவில்லை என்றால் அதே மூச்சில் கண்டுபிடித்திருப்பாள், பேச்சை நிறுத்தாமல், முகத்தில் காட்டாமல், வெங்காயத்தை வதக்கி முடிக்கிறவரை கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்திருப்பாள். படத்தைப் பார்த்ததும் ஏன் அந்தக் கை தானாக எழவில்லை. எழுந்திருந்தாலும் எதைத் தொட்டிருக்கும், கண்ணாடியைத்தானே. அதுதான் கொடுமை, நாளெல்லாம் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், ஊரெல்லாம் இவள் கட்டைவிரலுக்கு அடியில் போய்க்கொண்டிருக்கிறது, ஒரு மனித உடம்பின் சூடு கிடையாது. தோல் வியாதிக்காரர்களைப் பக்கத்தில் உட்காரவே யோசிக்கிற உலகம் இது. டாக்டராவது தொட்டார்களே என்று பாதி வியாதி அதிலேயே குணமாகிப் போகிறவர்கள் உண்டு, சொரியாசிஸ்காரர் ஒருவர் மருந்துகூட மாற்ற வேண்டியிராமல் மாதம் ஒருமுறை சும்மா வந்துபோவார், இப்போது எப்படி இருக்கிறாரோ. அவரும் படம்தான் அனுப்புகிறார். நன்றாக இருக்கிறது என்று இவளும் பதில் எழுதுகிறாள். தன் கையைப் பார்த்தாள். சோப்புப் போட்டுப் போட்டு முட்டிகள் வெடித்து, ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுத்த களிம்பைத் தான் தடவாமல், தோல் டாக்டரின் கை மாதிரியே இல்லை.

"யாரு, அந்தப் பணியாரக்காரம்மாவா?" என்று கூடத்திலிருந்து கணவர் கதிரேசன் கேட்டார். போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், ஒரு விஷயம் யாருக்குப் போகிறது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அவரால் சும்மா இருக்க முடியாது. "ம்" என்றாள். "வரச்சொல்லிட்டியா?" "இன்னும் இல்ல." "இன்னும் இல்லன்னா?" "இன்னும் இல்லன்னா இன்னும் இல்ல." கொஞ்ச நேரம் பேப்பர் புரளும் சத்தம் வந்தது, அந்தப் பேப்பரையும் வெயிலில் காயப்போட்டுத்தான் எடுத்துவருகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மாற்றுச் சிறுநீரகத்தோடு இருக்கிறவர், உடம்பு அதை வெளியே தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியையே மாத்திரையால் அடக்கி வைத்திருக்கிறார்கள், ஒரு இருமல் வீட்டுக்குள் வந்தால் எங்கே போய் முடியுமோ. அந்தச் சிறுநீரகமே இவளுடையதுதான். சண்டை வந்தால், உங்களுக்குள்ள என் ஆளு ஒருத்தன் இருக்கான், பாத்துப் பேசுங்க என்பாள். அவரும், உன் ஆளுதான் ராத்திரி ஆறு தடவை எழுப்பி விடுறான் என்பார். அவருக்காகத்தான் கிளினிக்கை மூடினாள். அவருக்காகத்தானா. முதல் வாரம் வேண்டுமானால் அவருக்காக. அதற்குப் பிறகு தனக்கும் பயம் வந்துவிட்டது என்பதை யாரிடமும் சொல்லவில்லை, தெருமுனையில் தகரம் அடித்து அடைத்த அன்று, எதிர்வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டி அந்த வீட்டு மனிதர்களை ஆம்புலன்ஸில் ஏற்றினபோது ஜன்னல் திரையை இழுத்துவிட்டவள் இவள்தானே, டாக்டர். அந்த வீட்டுக்காரர்கள் திரும்பி வந்த பிறகும் பால்காரன் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டு ஓடுகிறான். இதற்கே இப்படி. மேரியின் ஊரில் அந்தப் பழைய வியாதியின் பெயர் காற்றில் போனால் அவள் கையால் வார்த்த பணியாரத்தை யார் வாங்குவார்கள். தொற்றாது, மாத்திரை ஆரம்பித்தாயிற்று, ரொம்பப் பேருக்கு உடம்பே தாக்குப்பிடித்துவிடும் என்று இவள் போய் வாசலில் நின்று கத்தவா முடியும். முதலில் சவரிமுத்துவிடம் எப்படிச் சொல்வது. பேஷண்ட்களிடம் தொழுநோய் என்றுதான் சொல்லுவாள், அவர்கள் காதில் குஷ்டம் என்றுதான் விழும், விழுவது முகத்தில் தெரியும், அந்த இடத்தில்தான் சட்டென்று கையைப் பிடித்துக்கொள்வது. போனில் எதைப் பிடிப்பது. "பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம்ல?" என்று கதிரேசன் வாசற்படிக்கே வந்துவிட்டார், காய்கறி கழுவினபோது போட்ட முகக்கவசம் இன்னும் தாடையில் தொங்கியது. "அனுப்பலாம். அங்க தோல் டாக்டருங்களும் கொரோனா வார்டுலதான் நிக்கிறாங்க. நான் சொன்னது தப்பா இருந்தா, நான்தானே தொட்டுப் பாத்துச் சொல்லணும்." "நான் என்ன வேணாம்னா சொன்னேன்?" "சொல்லல. மொகம் சொல்லுது." "பாதி மொகத்த மூடிக்கிட்டிருக்கேன், அதுல என்னத்தக் கண்ட." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. நாற்காலியை இழுத்து, போனின் கண்ணுக்குப் படாத பக்கமாக, இவளுக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

பஞ்சு பட்டது மேரிக்குத் தெரிந்துவிட்டால் நன்றாக இருக்கும். அந்தத் தெரியுதுங்க உண்மையாகவே இருந்துவிட்டால். கட்டைவிரலால் அழுத்தினாலும் அழுத்தம்தானே, ஏதோ தெரிந்துதானே சொல்லியிருப்பாள், பொய் சொல்லுகிற ஆளாகத் தெரியவில்லை. பொய் இல்லை, அது பொய்யே இல்லை, அந்த அம்மாள் புருஷனுக்கு ஒத்தாசை செய்தாள், அவர் கேட்டார், அவள் கொடுத்தாள், இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினவர்கள் அப்படித்தான் பதில் சொல்வார்கள். இன்று காலை கதிரேசன் உப்புமாவில் உப்பு சரியாக இருக்கா என்று கேட்டபோது இவளும் யோசிக்காமல் இருக்கு என்றுதானே சொன்னாள். இருந்ததா? நினைவில்லை. அப்படியானால் மேரி ஒருத்திதானா. போனுக்குள் எத்தனை வெளிறின வட்டங்கள் போய்விட்டன, எத்தனை பேருக்குத் தேமல்தான் பயப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாள், அதில் எத்தனை பேர் கிரீம் தடவிக்கொண்டு, டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க என்று நிம்மதியாக வெந்நீர் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாரையும் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு என்ன சொல்வது, தலையணையைக் கிழியுங்கள் என்றா. கிழிக்கச் சொல்ல வேண்டியதுதான், இல்லாவிட்டால் ஒருத்தர் ஒருத்தராக வரச்சொல்லிப் பின்வாசல் மரத்தடியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டியதுதான், கவசம் இருக்கிறது, காற்று இருக்கிறது. கதிரேசன் மாடி அறையில் இருக்கட்டும். இருப்பாரா. பயமாக இருந்தது, யாரை நினைத்துப் பயம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. போன் அதிர்ந்து சொம்பைத் தட்டியது.

"கெடச்சிருச்சு டாக்டரம்மா" என்று சவரிமுத்துவின் குரல் முதலில் வந்தது, படம் பிறகு வந்தது, தலைமுடியிலும் மீசையிலும் இலவம்பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்க. பின்னாலிருந்து லூர்து மேரி, "எங்கம்மா சீராக் குடுத்த தலகாணிம்மா, வேற தலகாணியே இல்லாத மாதிரி அதத்தான் கிழிக்கிறாரு, பழைய கோவம்" என்று முறையிட்டாள். "அது ஒண்ணுதான் இலவம்பஞ்சு, மத்ததெல்லாம் ஸ்பாஞ்சு டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க." சிரித்தார்கள், இவளும் சிரித்தாள், எதிரே கதிரேசன்கூடச் சிரித்தார். போனை ஏதோ டப்பாவில் சாய்த்து வைத்தார்கள், மாவு படிந்த அதே மேசை, அதன்மேல் அதே கை. "பேசக் கூடாது சவரிமுத்து. மூச்சு விடுற சத்தம்கூடக் கேக்கக் கூடாது. மேரி, கண்ண இறுக்கி மூடிக்கங்க. எங்க தொடுறாருன்னு வலது கை விரலால காட்டணும். தொடலன்னா சும்மா இருங்க. சரியாச் சொன்னாப் பரிசெல்லாம் கெடயாது." "சரிங்க டாக்டரம்மா." சவரிமுத்து நாக்கைக் கடித்துக்கொண்டு பஞ்சை நூலாகத் திரித்தார். அந்தத் தடித்த விரல்கள் இவ்வளவு மெதுவாகக்கூட இருக்கும் என்று இவள் நினைக்கவில்லை. முழங்கைக்கு மேலே தொட்டார். மேரியின் வலது விரல் உடனே வந்து அதே இடத்தில் நின்றது. தோளில் தொட்டார், தோளுக்கு வந்தது. முன்கையின் நடுவில், வட்டத்துக்கு வெளியே, மயிரிழை அளவுக்குத்தான் பஞ்சு பட்டிருக்கும், கூசிக்கொண்டு சிரித்து அங்கேயும் சரியாகக் காட்டினாள். நல்ல கை, கெட்டிக்காரக் கை. மங்கையர்க்கரசி, வட்டத்துக்கு வாங்க என்று சைகை காட்டினாள். சவரிமுத்து பஞ்சு நுனியை வட்டத்தின் நடுவில் வைத்தார். வலது விரல் மேசைமேல் அப்படியே இருந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார். கண் மூடிய மேரியின் முகத்தில் அந்தக் கூச்சச் சிரிப்பு இன்னும் கலையவில்லை, அடுத்தது எங்கே என்று எதிர்பார்க்கிற முகம். மறுபடி வைத்தார், எடுக்கவேயில்லை, பஞ்சு வளைந்து மடங்கியது. பேசக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவர் பேசவில்லை. போனைத்தான் பார்த்தார், சிரிப்பு போய், பஞ்சு ஒட்டின மீசையோடு. இவள் தலையைத் தூக்கிக் கதிரேசனைப் பார்த்தாள். அவர் திரையைப் பார்க்கவில்லை, இவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவே அவருக்குப் போதுமாக இருந்தது. "நாளைக்குக் காலைலயே வரச்சொல்லு" என்று வாயசைத்தார், சத்தமே வராமல்.

"என்னங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் லூர்து மேரி, கண்ணைத் திறக்காமலே. "டாக்டரம்மா காத்துக்கிட்டிருக்காங்கல்ல. தொடுங்க."